கழுத்தில் நின்ற ஈரம்: ஓர் ஆல்பைன் பாத்தி செத்துப் பிழைத்த கதை

முதல் வசந்தத்தில் 24 ஆல்பைன் செடிகள், அதாவது உயர்மலைச் செடிகள், நட்டேன். அடுத்த வசந்தத்தில் எண்ணிப் பார்த்தபோது 9 இருந்தன. செத்துப்போன 15 செடிகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தேன். அப்போது தெரிந்ததையும், அதை வைத்துப் பாத்தியை மறுபடி கட்டியதையும், அடுத்த குளிர்காலத்தில் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும் செடிகள். மலையில், பெரும்பாலும் மரம் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கு மேலே, பாறை இடுக்கிலும் சரளைச் சரிவிலும் பல ஆண்டுகள் வாழ்பவை. காற்று பிய்த்துக்கொண்டு போகாதபடி தரையோடு தரையாக மெத்தைபோல் அடர்ந்து கிடக்கும். பூக்கும் நாளில் சில செடிகளில் இலையே தெரியாது. மேலே நாலு விரல் அகலம் இருந்தால் கீழே வேர் முழங்கை நீளத்துக்கு ஓடியிருக்கும். சைலீன் அகாலிஸ் என்ற மெத்தைச் செடி மலையில் நூறு ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். அப்படி வாழப் பிறந்த இனங்கள் என் தோட்டத்தில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை என்றால், குறை செடியிடம் இருக்க முடியாது.

முதல் ஆண்டு நடந்தது

தோட்டத்தின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் நீளம். உறைபனி விழும், ஆனால் வெண்பனி விழுந்தால் இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். மற்ற நாட்களில் மழை, தூறல், மூட்டம்.

செடிகளில் பாதியைத் தரைப் பாத்தியிலும் பாதியைக் கல் தொட்டியிலும் வைத்தேன். லூயிசியா காட்டிலெடான் 4, மயிரடர்ந்த ஆண்ட்ரோசேஸ் வில்லோசா 3, சாக்ஸிஃப்ராகா பனிகுலாட்டா 3, குளிர்காலக் கடைசியிலேயே பூக்கும் குட்டை சாக்ஸிஃப்ராகா 3, சிலந்திவலை போர்த்தியதுபோல் இருக்கும் செம்பர்வைவம் 3, ஜென்ஷியானா அகாலிஸ் 2, எடெல்வைஸ் 2, டயாந்தஸ் அல்பைனஸ் 2, பல்சட்டில்லா 1, சாக்ஸிஃப்ராகா லாஞ்சிஃபோலியா 1. தொட்டியின் ஆழம் 20 சென்டிமீட்டர். அடியில் 5 சென்டிமீட்டருக்கு உடைந்த மண்சட்டித் துண்டுகளும் கூழாங்கல்லும் பரப்பி, மேலே பைகளில் வரும் பொது மண்கலவையில் கொஞ்சம் மணல் சேர்த்து நிரப்பினேன். தரைப் பாத்தியில் இருந்தது தோட்ட மண், மட்கு, கட்டட வேலைக்கு எடுக்கும் மென்மணல். நீர் வடிய இது போதும் என்று நம்பினேன்.

கோடை நன்றாகப் போனது. லாஞ்சிஃபோலியா ஒரு முழம் நீளத்துக்கு வெள்ளைப் பூந்தண்டு தள்ளியது. டயாந்தஸ் இரண்டும் மட்டும் ஆகஸ்ட் மாதத்தில் திடீரென்று காய்ந்தன. நேற்றுப் பச்சையாக இருந்தது, இன்று வைக்கோல்.

இலையுதிர் காலத்தில் நான் செய்த ஒரு காரியம்தான் இந்த ஆய்வின் மையம். குளிர் தாங்காதோ என்ற பயத்தில் செடிகளின் மேல் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டு, அதன்மேல் மெல்லிய துணியும் விரித்தேன். பிள்ளைக்குப் போர்வை போர்த்துவதுபோல அன்போடு செய்தேன். செத்தவற்றில் பாதியைக் கொன்றது அந்தப் போர்வைதான்.

இதை உறுதியாகச் சொல்லக் காரணம் என் குறிப்பேடு. ஜனவரியில் ஒரு இரவு வெப்பநிலை மைனஸ் 9 டிகிரிக்குப் போனது. மறுநாள் காலை துணியை விலக்கிப் பார்த்து, எல்லாம் உயிரோடு இருப்பதாக எழுதியிருக்கிறேன். அப்புறம் மூன்று வாரம் உறைபனி இல்லை. மழை மட்டும், 4 அல்லது 5 டிகிரியில். பிப்ரவரிக் கடைசியில் துணியை எடுத்தபோது லூயிசியாவின் இலைகள் கையோடு வந்துவிட்டன. ஆக, கடுங்குளிர் வந்த இரவில் ஒன்றும் சாகவில்லை. குளிர் தணிந்து ஈரம் நின்ற வாரங்களில்தான் செத்தன.

தோண்டிப் பார்த்தது

15 செடிகளில் 8 ஒரே மாதிரி செத்திருந்தன: லூயிசியா 4, ஆண்ட்ரோசேஸ் 3, எடெல்வைஸ் 1. எட்டிலும் வேர் நன்றாகவே இருந்தது. லூயிசியாவின் தடித்த வேரை நறுக்கிப் பார்த்தால் உள்ளே வெளிர் நிறம், உறுதி. மேலே இலைகளின் நுனிகளும் பச்சைதான். நடுவில், வேரும் தண்டும் சேரும் கழுத்தில் மட்டும், விரல் அகலத்துக்குப் பழுப்பாக, குழைந்து, நாற்றம் வீசியது. ஆண்ட்ரோசேஸின் வெள்ளை மயிர் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டிருந்தது. மெத்தையின் உட்பக்கம் முழுக்கப் பூசணம். மலையில் கடும் வெயிலையும் வறட்டுக் காற்றையும் தடுக்கும் அதே மயிர், ஈரமான குளிர்காலத்தில் நனைந்த கம்பளியாக மாறிவிடுகிறது.

3 சாக்ஸிஃப்ராகாக்களுக்கு (குட்டை 2, பனிகுலாட்டா 1) வேரே இல்லை. தூக்கியதும் தொப்பிபோல் கழன்று வந்தன. கீழே மண்ணில் காலில்லாத வெள்ளைப் புழுக்கள், பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தன. வைன் வீவில் என்ற கூன்வண்டின் புழுக்கள் அவை. இலை விளிம்பில் அரைவட்டமாகக் கடித்த தடங்கள் கோடையிலேயே கண்ணில் பட்டன. நத்தை என்று விட்டுவிட்டேன். இந்த வண்டுகளில் ஆண் கிடையாது. எல்லாமே பெண், இணை சேராமலே முட்டையிடும். ஒரே ஒரு வண்டு தொட்டிக்குள் வந்தாலும் போதும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டயாந்தஸ் இரண்டின் வேர்களும் வாங்கி வந்த சிறு தொட்டியின் வடிவத்திலேயே இருந்தன. நாற்றுப்பண்ணையில் பீட் கலவையில் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) வளர்த்த செடி. அந்தப் பீட் உருண்டையை அப்படியே என் மண்ணில் புதைத்திருந்தேன். வேர் வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை. பீட் ஒருமுறை முழுசாகக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றிய தண்ணீர் உருண்டையைச் சுற்றிப் போயிருக்கிறது. சுற்றிலும் ஈரமண், நடுவில் செடி தாகத்தில் செத்திருக்கிறது.

லாஞ்சிஃபோலியாவின் சாவுக்கு நான் பொறுப்பில்லை. அது வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை கொடுத்து, சாகும் இனம். கடைசி ஒன்று, பாக்கியிருந்த குட்டை சாக்ஸிஃப்ராகா. அதன் காரணத்தை என்னால் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு எல்லாம் மட்கிவிட்டது.

தண்ணீர் ஏன் வடியவில்லை

அடியில் கூழாங்கல் போட்டும் தொட்டி ஏன் சதுப்பாக இருந்தது? இந்தக் கேள்விக்குத்தான் அதிக நாள் செலவழித்தேன். ஏனென்றால் அடியில் ஓட்டுச் சில்லு போடுவதுதான் வடிகால் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டே வளர்ந்திருக்கிறோம்.

ஒரு பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை எடுத்து நன்றாக நனைத்து, கையில் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டிச் சொட்டி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இப்போது அதையே நெட்டாக நிமிர்த்திப் பிடியுங்கள். நின்றுபோன ஸ்பாஞ்சிலிருந்து மறுபடியும் தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்சு அதே ஸ்பாஞ்சுதான், உயரம்தான் கூடியது. நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வலுவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த வலு எந்த உயரம்வரை தாங்குமோ, அந்த உயரத்துக்கு அடிப்பகுதி எப்போதும் தெப்பமாகவே இருக்கும்.

மண்கலவையும் அப்படித்தான். நுண்துளையுள்ள மண்ணிலிருந்து தண்ணீர் கீழே உள்ள பெரிய கல் இடைவெளிக்குள் தானாக இறங்காது. மேல் மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்து தெவிட்டிய பிறகுதான் சொட்டும். ஆகவே கூழாங்கல் அடுக்கு ஈரத்தை வடிப்பதற்குப் பதில் மேலே தூக்கிவிடுகிறது. என் 20 சென்டிமீட்டர் தொட்டியில் 5 சென்டிமீட்டரைக் கல் தின்றது. மீதி மண்ணின் அடிப்பாதி குளிர்காலம் முழுக்கத் தெப்பம். செடியின் கழுத்துக்கும் அந்தச் சேற்றுக்கும் இடையே நாலைந்து விரல்தான்.

இதை நம்ப முடியாமல் ஒரே அளவுள்ள இரண்டு சட்டிகளை எடுத்தேன். ஒன்றில் முழுக்க மண்கலவை, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு கூழாங்கல், மேலே அதே கலவை. இரண்டையும் நன்றாக நனைத்து, மறுநாள் கவிழ்த்து நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். கல் போட்ட சட்டியில் ஈரக்கோடு மேல்மட்டத்துக்கு வெகு அருகில் இருந்தது. அன்றோடு சட்டித் துண்டு போடுவதை விட்டேன். ஓட்டை அடைபடாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

தரைப் பாத்தியில் தவறு வேறு. மென்மணல் களிமண்ணின் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு கெட்டிப்படுத்திவிட்டது. மண்ணைத் திறக்க வேண்டுமென்றால் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை உள்ள, கூர்முனையுள்ள பொடிச்சரளை வேண்டும்; அதுவும் ஒரு பிடி போதாது, கலவையில் பாதிக்கு மேல் வேண்டும்.

இந்த இடத்தில் மலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே இலையுதிர் காலத்தில் விழும் வெண்பனி வசந்தம்வரை கரைவதில்லை. வெண்பனியின் உள்ளே நிறையக் காற்று இருப்பதால் அது ஒரு தடித்த கம்பளம். மேலே காற்று மைனஸ் 20-இல் வீசினாலும், ஆழமான பனிக்கு அடியில் தரை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் எல்லாம் உறைந்திருப்பதால் திரவ ஈரம் இல்லை. இருட்டு, ஒரே சீரான குளிர், வறட்சி, ஆறு ஏழு மாத உறக்கம். என் தோட்டத்துச் செடியால் குளிர்காலத்தில் தூங்கவே முடியவில்லை. உறைந்து, கரைந்து, நனைந்து, பாதி விழித்து, மறுபடி நனைந்தது. லண்டன் கியூ தோட்டத்தில் 2006-இல் திறந்த ஆல்பைன் கண்ணாடி வீட்டை இதே காரணத்துக்காகத்தான் உயரமான வளைவாகக் கட்டியிருக்கிறார்கள்: சூடான காற்று மேலே வெளியேற, கீழே குளிர்ந்த காற்று ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி வீடு என்றாலே வெப்பத்துக்கு என்று நினைக்கிறோம். இங்கே அது குளிர்ச்சிக்கும் உலர்வுக்கும்.

மறுபடி கட்டியது

செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் வளர்த்தெடுத்த இடுக்குப் பாத்தி முறையை எடுத்துக்கொண்டேன். தட்டையான பலகைக் கற்களைப் படுக்க வைக்காமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் நெட்டாக நிறுத்தி, வரிசையாக நெருக்கி நடுவது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 2 முதல் 3 சென்டிமீட்டர் இடுக்கு. ஸ்பாஞ்சு சொன்ன பாடம் அப்படியே இங்கே வேலை செய்கிறது: மண் ஒல்லியாக, உயரமாக நிற்பதால் தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது. வேர் தண்ணீரைத் தேடிக் கல்லோடு ஒட்டி ஆழமாகப் போகும். அங்கே கோடையிலும் குளிர்ச்சி இருக்கும். கழுத்து மட்டும் மேலே, கல்லின் உலர்ந்த விளிம்பில்.

தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு கட்டினேன். கலவை: பொடிச்சரளை 3 பங்கு, சலித்த தோட்ட மண் 1 பங்கு, இலைமட்கு 1 பங்கு. உரம் எதுவும் இல்லை. வளமான மண்ணில் எடெல்வைஸ் நெட்டையாக வளர்ந்து, அந்தப் பெயர்பெற்ற வெண்மையை இழந்து சாம்பல் பச்சையாகிவிடும். பட்டினி போட்டால்தான் அதற்கு அழகு. கற்களை நடும்போது ஆடக் கூடாது. ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். வரிசைகள் எல்லாம் ஒரே திசையில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கல் குவித்ததுபோல் இருக்கும். மேட்டின் கிழக்குச் சரிவைக் குட்டை சாக்ஸிஃப்ராகாவுக்கு ஒதுக்கினேன். காலை வெயில் கிடைக்கும், நடுப்பகல் வெயில் தாக்காது.

புதிதாக வாங்கிய 12 செடிகளையும் நடுவதற்கு முன் வாளித் தண்ணீரில் அலசி, பீட் முழுவதையும் கழுவி எடுத்தேன். முதல்முறை செய்யும்போது மனசு கேட்காது. மெல்லிய சல்லிவேர் எல்லாம் கையில் தொங்கும். ஆனால் இடுக்கில் வேரை நேராகத் தொங்கவிட்டு, ஈரமான கலவையை ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி நிரப்பினால் செடி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும்வரை, சுமார் ஒரு மாதம், நிழல்துணி கட்டித் தினமும் லேசாக நனைத்தேன். கடைசியில் ஒவ்வொரு கழுத்தையும் சுற்றி 2 சென்டிமீட்டர் சரளை. இந்தச் சரளைக் காலரை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிழைத்த பழைய ஒன்பதில் எட்டை இடம் மாற்றினேன். பல்சட்டில்லாவைத் தொடவில்லை. அதற்கு ஆணிவேர், கிளறினால் பிடிக்காது.

கூன்வண்டுக்கு ஸ்டைனர்நீமா கிரவுஸ்ஸெய் என்ற நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஊற்றினேன். மண் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் இது வேலை செய்யும். வண்டின் புழுவுக்குள் நுழைந்து அதைக் கொல்லும். செடிக்கும் மண்புழுவுக்கும் கெடுதல் இல்லை. இரவில் டார்ச்சோடு போய் வண்டுகளைப் பொறுக்குவதும் உண்டு.

இரண்டாம் குளிர்காலம்

புதிய 12 என்பது லூயிசியா 4, ஆண்ட்ரோசேஸ் 3, குட்டை சாக்ஸிஃப்ராகா 3, டயாந்தஸ் 2. முதல் ஆண்டு நான் இழந்த அதே இனங்களையே வேண்டுமென்றே வாங்கினேன். பிழைக்கும் செடிகளாகப் பார்த்து நட்டுவிட்டு, பாத்தி சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

லூயிசியாவில் ஒரு சின்னச் சோதனை. இரண்டை மேட்டின் செங்குத்துப் பக்கத்தில், இடுக்குக்குள் படுக்கையாக, இலைவட்டம் வெளியே பார்க்கும்படி நட்டேன். சொந்த மலையிலும் அது பெரும்பாலும் பாறைச் சரிவில்தான் வளர்கிறது. இலைவட்டத்தின் நடுவில் விழும் மழை தேங்காமல் வழிந்துவிடும். மற்ற இரண்டை மேல்மட்டத்தில், சரளைக் காலரோடு. அதில் ஒன்றுக்கு மட்டும் நான்கு கால்களில் நிற்கும் ஒரு கண்ணாடித் தகடு, பக்கங்கள் எல்லாம் திறந்தபடி. ஆண்ட்ரோசேஸ் மூன்றுக்கும் அதே மாதிரித் தகடு. இலை மூடாக்கு, துணி எதுவும் கிடையாது. உதிர்ந்த இலை பாத்தியில் விழுந்தால் அன்றன்றே பொறுக்கினேன்.

அந்தக் குளிர்காலத்திலும் மழைக்குக் குறைவில்லை. மார்ச்சில் பார்த்தபோது பக்கவாட்டில் நட்ட லூயிசியா இரண்டும் நலம். தகட்டின் கீழ் இருந்ததும் நலம். தகடு இல்லாமல் மேலே இருந்தது கழுத்தழுகிச் செத்திருந்தது. சரளைக் காலரும் வடிகாலும் இருந்தும், வானத்தைப் பார்த்த இலைவட்டத்தில் நின்ற தண்ணீர் போதுமானதாக இருந்திருக்கிறது. நாலே செடியில் முடிந்த சோதனைதான். என்றாலும் அதற்குப் பிறகு லூயிசியாவை நான் தட்டையாக நடுவதே இல்லை.

ஆண்ட்ரோசேஸ் மூன்றும் தப்பின. அதில் ஒன்றை ஒரு பறவை புழு தேடிப் பிடுங்கிப் போட்டிருந்தது; நடுங்கும் கையோடு திரும்ப நட்டேன், பிடித்துக்கொண்டது. டயாந்தஸ் இரண்டும் மே மாதத்தில் பூத்தன. செம்பர்வைவங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, அவை எங்கேயும் பிழைக்கும். பனிகுலாட்டாவின் இலை விளிம்பில் வெள்ளை மணிகள் கோத்ததுபோல் சுண்ணாம்புப் பொட்டுகள் நிறையத் தெரிந்தன. இலை விளிம்பிலுள்ள நுண்துளைகள் வழியாகச் செடி சுண்ணாம்பு கலந்த நீரைக் கசியவிடுகிறது. நீர் ஆவியாக, சுண்ணாம்பு மிச்சம். முதல் ஆண்டு நனைந்தே கிடந்ததால் அந்த அழகை நான் பார்க்கவே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்க்கத் தகுந்த காட்சி.

குட்டை சாக்ஸிஃப்ராகா மூன்றும் பிப்ரவரிக் கடைசியில் பூத்தன. சுண்டுவிரல் நகம் அளவு மஞ்சள் பூக்கள், மெத்தையோடு ஒட்டி. மூட்டமான அந்த மாதத்தில் அதைக் குனிந்து பார்க்க ஒரு நாளைக்கு நாலு தடவை வெளியே போனேன்.

ஆனால் அதில் ஒன்றைக் கோடையில் இழந்தேன். ஆகஸ்டில் ஒரு வாரம் இரவிலும் வெக்கை தணியவில்லை. பகல் சூட்டைவிட இரவுச் சூடுதான் இந்தச் செடிகளை அதிகம் வாட்டுகிறது: பகலில் சேர்த்த சர்க்கரையை இரவில் சுவாசம் எரித்துவிடும், மலையில் குளிர்ந்த இரவு அதைக் குறைத்து வைக்கும். செடியின் ஒரு பக்கம் பழுப்பாகி, ஒரு வாரத்தில் முழுக்கப் போனது. மற்ற இரண்டுக்கும் கல்லை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, பிற்பகல் நிழல் விழும்படி செய்திருக்கிறேன்.

ஆக, புதிய 12-இல் 10. மாற்றி நட்ட பழைய 8-இல் 8.

ஜென்ஷியானா அகாலிஸ் மட்டும் தனிக் கதை. இரண்டு ஆண்டாக இரண்டும் பளபளவென்று இலை விட்டுப் பரந்தன, ஒரு மொட்டுகூட இல்லை. இந்தச் செடி சில தோட்டங்களில் அள்ளிக் கொட்டிப் பூப்பதும், சில தோட்டங்களில் இலையோடு நின்றுவிடுவதும் வெகுகாலமாகப் பேசப்படும் விஷயம். இடம் மாற்றிப் பார்ப்பதுதான் பழைய கைவைத்தியம். மற்ற எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்த அந்தச் சரளைக் கலவை இதற்கு மிகவும் லேசாக இருக்கிறதோ என்று தோன்றியது. இரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒன்றைப் பெயர்த்து மேட்டின் அடிவாரத்தில், நல்ல வெயிலில், தோட்ட மண்ணைக் காலால் அழுத்தி மிதித்துக் கெட்டியாக்கிய இடத்தில் நட்டேன். மற்றதைத் தொடவில்லை. இந்த ஏப்ரலில் அடிவாரத்துச் செடியில் இரண்டு மொட்டுகள், கூம்பி நிற்கும் கருநீலக் குழல்கள். மேலே இருப்பதில் இன்னும் இலைதான். செப்டம்பரில் அதையும் கீழே இறக்கப்போகிறேன்.